மரத்தை எண்ணியாயிற்று, மண்ணை யார் அளப்பது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டை ஒட்டி ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர் காலி மனை இருக்கிறது. அதில் அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது. அங்கே நிற்கும் 14 பெரிய மரங்களும் வெட்டப்படும். கட்டடம் போக மீதி இடம் முழுவதும் கார் நிறுத்தவும் வண்டி திரும்பவும் தளம் போடப்படும். வெட்டும் மரம் ஒவ்வொன்றுக்கும் பத்துக் கன்று நடுவதாகக் கட்டுநர் உறுதி சொல்கிறார். அக்கம்பக்கத்தார் பயப்படுவது நியாயமா, நியாயம் என்றால் எதைச் சொல்லி ஆட்சேபிப்பது?

பயம் நியாயமானதுதான். ஆனால் பெரும்பாலும் தவறான இடத்தில் போய் நிற்கிறது. மழைநீர் வடிகால் வடிவமைப்பது என் தொழில். கட்டுநர்களுக்காக வரைந்திருக்கிறேன், அக்கம்பக்கத்தார் கேட்டுக்கொண்டதால் வேறு கட்டுநர்களின் வரைபடங்களைப் பிரித்துப் படித்தும் சொல்லியிருக்கிறேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது. எல்லோரும் மரங்களை எண்ணுகிறார்கள், தரையை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. நாளைக்கு உங்கள் வீட்டுப் படியேறி வரப்போவது அந்தத் தரையில் விழும் தண்ணீர்தான்.

ஆட்சேப மனுக்களில் பெரும்பாலானவை ஆக்சிஜனில் ஆரம்பிக்கும். அந்த வரியை அடித்துவிடுங்கள். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் இருக்கிறது. 14 மரம் போனாலும் 1,400 மரம் போனாலும் உங்கள் தெருவில் அது குறையாது. எதிர்த் தரப்பில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்த மனுவையும் உணர்ச்சிவசப்பட்டவர்களின் புலம்பல் என்று ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். மரம் தரும் நிழல், குளிர்ச்சி, அது பிடித்து வைத்திருக்கும் மண், அந்த மண் குடிக்கும் தண்ணீர் ஆகியவைதான் உங்கள் தெரு இழக்கப்போவது. நான்கையும் அளந்து காட்ட முடியும்.

தண்ணீரில் தொடங்குகிறேன். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர். 2,000 சதுர மீட்டரில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 1,00,000 லிட்டர். இதில் எவ்வளவு மனையை விட்டு வெளியே ஓடும் என்பதைக் கணிக்க எங்கள் தொழிலில் ஒரு பழைய வழி உண்டு. அமெரிக்கப் பொறியாளர் எமில் குய்ச்லிங் 1889இல் எழுதி வைத்தது. இன்றும் சிறு மனைகளுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு வகைத் தரைக்கும் ஓர் ஓடுநீர் எண் உண்டு, விழும் மழையில் எவ்வளவு பங்கு ஓடிவிடும் என்பதைச் சொல்வது அது. புல்லும் மரமும் உள்ள, ஓரளவு மணற்பாங்கான சமதரைக்கு 0.2 என்று வைத்துக்கொள்ளலாம். கூரை, தார், கான்கிரீட் எல்லாம் 0.9 அளவில் வரும். ஆக, இப்போது அந்த மனையிலிருந்து வெளியேறுவது சுமார் 20,000 லிட்டர். முழுக்கத் தளம் போட்டபின் சுமார் 90,000 லிட்டர். கூடுதலாக வரும் 70,000 லிட்டர், 10,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏழு வந்து ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் தெருவில் திறந்துவிட்டதற்குச் சமம். முன்பு நொடிக்கு ஐந்தரை லிட்டர் வாங்கிக்கொண்டிருந்த தெரு வடிகால் இனி 25 லிட்டர் வாங்க வேண்டும். அந்தக் குழாயின் விட்டம் என்ன, அது இப்போதே எவ்வளவு நிரம்பி ஓடுகிறது என்பதுதான் நீங்கள் எழுத வேண்டிய முதல் கேள்வி.

இந்தக் கணக்கின் பலவீனத்தையும் தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். மூன்று நாள் விடாமல் பெய்து மண் ஊறிப்போன பிறகு, மரத்தடி மண்ணும் ஏறக்குறையத் தளம்போலத்தான் நடந்துகொள்ளும். களிமண் தரை என்றால் முதல் நாளிலேயே அப்படி. ஆகவே பெருவெள்ளத்துக்கே இந்த ஒரு மனைதான் காரணம் என்று சொல்ல முடியாது. வித்தியாசம் பெரிதாகத் தெரிவது அடிக்கடி பெய்யும் சாதாரண மழையில். இதுவரை தெரு ஈரமாவதோடு நின்ற மழைக்கு இனிக் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தைப் பற்றிப் பேசாமல் ஆண்டுக்குப் பத்துமுறை வரும் மழையைப் பற்றிப் பேசினால் உங்கள் பேச்சை மறுப்பது கடினம்.

அடுத்தது மட்டம். மனுக்களில் இது வருவதே இல்லை. ஆனால் சண்டைகளில் பாதி இதனால்தான் வருகிறது. புதிதாகக் கட்டுபவர் தன் இடத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று மண் கொட்டி உயர்த்துவார். அவர் 60 சென்டிமீட்டர் உயர்த்தினால், அதுவரை இரண்டு மனையும் பங்குபோட்டுக்கொண்ட தண்ணீர் முழுவதும் தாழ்ந்த பக்கத்துக்கு வந்து சேரும். வரைபடத்தில் "முடிவுற்ற தரை மட்டம்" என்று ஓர் எண் இருக்கும். அது எதிலிருந்து அளந்தது என்று கேளுங்கள். சாலையின் நடுமுகட்டிலிருந்தா, அருகிலுள்ள ஆள்நுழைவுக் குழியின் மூடியிலிருந்தா? பிறகு உங்கள் வாசற்படியின் மட்டம் அதே புள்ளியிலிருந்து எவ்வளவு என்று பாருங்கள். ஒளி ஊடுருவும் நீளமான ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பிக் கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, அதுவே இதற்குப் போதும்.

இனி வெயில். நகரம் சுற்றுவட்டாரத்தைவிட, அதிலும் இரவில், சூடாக இருப்பதை லூக் ஹோவர்ட் என்பவர் லண்டனில் 200 ஆண்டுகளுக்கு முன்பே அளந்து எழுதினார். காரணம் புரியாத புதிரல்ல. புதிய தார், மேலே விழும் வெயிலில் 5 சதவீதம் அளவுக்குத்தான் திருப்பி அனுப்புகிறது. மீதியை விழுங்கி வைத்துக்கொண்டு இரவு முழுவதும் கக்குகிறது. கான்கிரீட் கொஞ்சம் பரவாயில்லை. மரம் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று நிழல். இன்னொன்று, இலை வழியாக நீரை ஆவியாக்குவது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 கிலோவாட் மணி வெப்பம் செலவாகிறது. நல்ல ஈரமண்ணில் நிற்கும் பெரிய மரம் ஒரு நாளில் 100 லிட்டர் ஆவியாக்கினால் 68 கிலோவாட் மணி. ஒன்றரை டன் ஏசி 13 மணி நேரம் ஓடி வெளியேற்றும் வெப்பம் அவ்வளவு. ஏசி மூடிய அறையில் ஓடுகிறது, மரம் திறந்தவெளியில் நிற்கிறது, அதனால் இரண்டையும் அப்படியே ஒப்பிட்டு உங்கள் வரவேற்பறை இத்தனை டிகிரி குறையும் என்று எழுதிவிடாதீர்கள்.

அந்தக் கணக்கில் "ஈரமண்ணில் நிற்கும்" என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. மரத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றி அடிமரம்வரை தளம் போட்டால் அந்த நிபந்தனை போய்விடுகிறது. மழை வேருக்கு இறங்காது, காற்றும் இறங்காது. மரம் நிற்கும், நிழலும் கொஞ்ச நாள் இருக்கும், ஆவியாக்க அதனிடம் தண்ணீர் இருக்காது. அதனால்தான் மண் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மரத்தின் வேர் கிளைக்கு நேர் கீழே ஆழமாக இறங்குகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான வேர்கள் மேல்மட்ட 60 சென்டிமீட்டருக்குள்தான், பக்கவாட்டில், கிளை விரிவையும் தாண்டி ஓடுகின்றன. பிரிட்டனில் கட்டுமான இடங்களில் மரம் காப்பதற்கென்று பிஎஸ் 5837 என்ற தரநிலை உண்டு. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து, அதைப் 12ஆல் பெருக்கினால் வரும் நீளத்தை ஆரமாக வைத்து மரத்தைச் சுற்றி வட்டம் போட வேண்டும். அதற்குள் தோண்டவும் கூடாது, மண் கொட்டவும் கூடாது, வண்டி ஓட்டவும் கூடாது. அளப்பது எளிது. தையல் நாடாவால் சுற்றளவு எடுங்கள். 188 சென்டிமீட்டர் வந்தால் விட்டம் 60. அதன் பன்னிரண்டு மடங்கு 7.2 மீட்டர். அடிமரத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் அவ்வளவு தூரம் கயிறு கட்டிப் பாருங்கள். பத்திருபது அடி விட்டுவிட்டோம் என்று கட்டுநர் சொல்வதன் பொருள் அப்போது தெரியும்.

"இந்த மூன்று மரங்களைக் காப்பாற்றுகிறோம்" என்று விளம்பரத் தாளில் அச்சிட்ட ஒரு கட்டுமானத்தைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்றும் நின்றன. ஆனால் பார்த்தவுடனே ஏதோ சரியில்லை என்று பட்டது. நல்ல மரத்தின் தூரைக் கவனித்திருப்பீர்கள். தண்டு நேராக மண்ணுக்குள் இறங்காது, யானையின் பாதம்போல் அகன்று, வேராகப் பிரிந்து, பிறகுதான் மறையும். இந்த மூன்றும் மின்கம்பம் நட்டதுபோல் நேராக நின்றன. சிறு கரண்டியால் அடியில் கிளறினேன். 40 சென்டிமீட்டர் வரை கொட்டிய மண். அதற்குள் இருந்த பட்டை கறுத்து, ஈரம் கோத்து, நகத்தால் கீறினால் உரிந்து வந்தது. யாரும் கோடரியை எடுக்கவில்லை, ஆனால் வேலை முடிந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு உச்சிக் கிளைகள் மொட்டையாகின. நான்காம் ஆண்டு, விழுந்துவிடும் என்ற காரணத்தைச் சொல்லி முறையாக அனுமதி வாங்கி மூன்றையும் வெட்டினார்கள். அதற்குள் வீடுகள் எல்லாம் விற்றாகிவிட்டன. வேர் அறுபட்ட மரமும் இப்படித்தான் தவணைமுறையில் சாகிறது. சில ஆண்டு கழித்துச் சாவதால் பழி யார் மேலும் விழுவதில்லை.

மண் இறுகுவதும் அதே மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத சேதம். கனரக இயந்திரம் ஓர் இடத்தில் இருபதுமுறை போய்வந்தால் வரும் இறுக்கத்தில் பெரும்பங்கு முதல் சில நடையிலேயே வந்துவிடும். எனவே ஒரே ஒருநாள்தான் அந்தப் பக்கம் லாரி போனது என்பது சமாதானமே அல்ல. வேலி போடுவதாக இருந்தால் முதல் இயந்திரம் உள்ளே நுழைவதற்கு முன்னால் போட வேண்டும்.

பத்துக் கன்று கணக்குக்கு வருகிறேன். கேட்க இனிமையாக இருக்கிறது: 14 போய் 140 வருகிறது. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்தின் தண்டைக் குறுக்கே வெட்டினால் தெரியும் பரப்பும் 3 சென்டிமீட்டர் கன்றின் அதே பரப்பும் எத்தனை மடங்கு வேறுபடும்? விட்டத்தில் 20 மடங்கு, பரப்பில் 400 மடங்கு. அதாவது நட்ட அன்றைக்கு ஒரு மரத்துக்கு ஈடு 400 கன்று, பத்து அல்ல. கன்று வளருமே என்பார்கள். வளரும், இடம் இருந்தால். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் நகர மரங்களுக்கு எவ்வளவு மண் வேண்டும் என்று நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தத் துறையில் பொதுவாகப் பின்பற்றும் அளவின்படி, கிளைவிரிவின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 0.3 முதல் 0.6 கன மீட்டர் மண் தேவை. 8 மீட்டர் அகலம் விரியும் நடுத்தர மரத்துக்குக்கூட 15 முதல் 30 கன மீட்டர். மதிலோரம் வெட்டும் குழி நீளம், அகலம், ஆழம் எல்லாம் 1 மீட்டர். ஆக 1 கன மீட்டர். அதில் நடுவது மரமாகாது. தொட்டிச் செடி போல ஒரு பருவம்வரை வளர்ந்து, அப்புறம் நோஞ்சானாக நிற்கும் அல்லது தளத்தைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்து, அந்தக் குற்றத்துக்காக வெட்டப்படும்.

ஆகவே எத்தனை கன்று என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு கன்றுக்கும் எத்தனை கன மீட்டர் மண், எங்கே, ஐந்தாம் ஆண்டில் உயிரோடு இல்லாவிட்டால் யார் மறுபடி நடுவது என்று கேளுங்கள். 140 கன்றைத் திணிப்பதைவிட ஆறு மரத்துக்கு உண்மையான இடம் விட்டால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

இன்டர்லாக் கல் போடுகிறோம், அதன் இடுக்கில் தண்ணீர் இறங்கிவிடும் என்பது நீங்கள் கட்டாயம் கேட்கப்போகும் பதில். கல்லைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது, கல்லுக்கு அடியில் என்ன போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கான்கிரீட் படுகைமேல் பதித்தாலோ, நன்றாக இடித்து இறுக்கிய மண்மேல் மெல்லிய மணல் பரப்பிப் பதித்தாலோ அது தார்ச்சாலைக்குத் தம்பிதான். தண்ணீர் உண்மையாக இறங்க வேண்டுமானால் இடுக்குகளில் பொடி ஜல்லி, அடியில் தூசி கலக்காத ஒரே அளவு ஜல்லி, அதற்கடியில் இறுக்காத மண் வேண்டும். அப்படிப்பட்ட ஜல்லியில் ஏறத்தாழ 40 சதவீதம் வெற்றிடம். 30 சென்டிமீட்டர் கனத்துக்கு ஜல்லி போட்டால் 120 மில்லிமீட்டர் மழையைத் தனக்குள் பிடித்துக்கொண்டு மெல்ல மண்ணுக்குள் விடும். அருமையான ஏற்பாடு, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் இடுக்குகளில் தூசி அடையும். ஆண்டுக்கு ஓரிருமுறை உறிஞ்சிச் சுத்தம் செய்யாவிட்டால் சில ஆண்டுகளில் சாதாரணத் தளமாகிவிடும். பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுத்தில் இல்லாத நீர்புகு தளத்தை நான் வரைபடத்தில் தளமாகவே கணக்கிடுவேன். செங்குத்தான சரிவிலும், லாரி திரும்பும் இடத்திலும் இது சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மழைநீர்க் குழி தோண்டுவதும் அப்படியே. நல்லதுதான், மண் குடிக்குமா என்று பார்த்தபிறகு. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, அது வடிந்தபின் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். 10 மில்லிமீட்டருக்கும் குறைவாக இறங்கினால் குழிகளை மட்டும் நம்ப முடியாது. தேக்கி வைத்துச் சிறு துளை வழியாக மெதுவாக வெளியேற்றும் தொட்டி வேண்டும். மேலே சொன்ன கூடுதல் 70,000 லிட்டரைப் பிடிக்கும் தொட்டி என்றால் 7 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். அது வரைபடத்தில் இருக்கிறதா? குழியோ தொட்டியோ, நிரம்பினால் வழிவது எந்தப் பக்கம்? உங்கள் மதில் பக்கம் என்றால் அதை மாற்றச் சொல்லுங்கள். நீரை மண்ணுக்குள் விடும் குழியைக் கட்டடத்திலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி வைப்பது பல இடங்களில் விதி. உங்கள் வீட்டு அஸ்திவாரமும் கட்டடம்தான்.

கார் நிறுத்துமிடத்துத் தண்ணீரை அப்படியே நிலத்தடிக்கு விடச் சொல்லாதீர்கள். எண்ணெய், பிரேக் தூள், டயர் தேய்ந்த தூள் எல்லாம் அதில் வரும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் மழை பெய்தவுடன் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. டயர் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றோடு கலந்து மாறி உருவாகும் நஞ்சே காரணம் என்று 2020இல்தான் கண்டுபிடித்தார்கள். கூரைநீர் நேராகக் குழிக்குப் போகலாம். தளத்து நீர் முதலில் புல்லும் மண்ணும் உள்ள ஒரு தாழ்ந்த பாத்தி வழியாகப் போக வேண்டும்.

"ஒரே ஒரு மனை, இதனால் என்ன குறைந்துவிடும்" என்ற வாதத்துக்குத் தாமஸ் ஷூலர் என்ற நீரியல் வல்லுநர் 1994இல் எழுதியதில் பதில் இருக்கிறது. ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்புப் பரப்பில் 10 சதவீதத்தைக் கூரையும் தளமும் மூடும்போதே ஓடையின் நலம் கெட ஆரம்பிக்கிறது. 25 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் அது ஓடையாக இருப்பதில்லை, வாய்க்காலாகிவிடுகிறது. எந்த ஒரு மனையும் தனியாக 25 சதவீதம் ஆவதில்லை. அந்த வட்டாரம் ஏற்கெனவே எவ்வளவு மூடப்பட்டிருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே நீங்கள் தோராயமாகச் சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில் நம் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கூட்டத்தில் மரத்துக்காக உருகிப் பேசிய ஒருவரின் வீட்டுக்குப் பிறகு போனேன். மதிலிலிருந்து மதில்வரை டைல்ஸ். இலை விழுந்து குப்பையாகிறது என்று சொந்த மரத்தை முந்தின ஆண்டுதான் வெட்டியிருந்தார். கட்டுநரின் வழக்கறிஞர் அதைப் புகைப்படமாக வைத்திருந்தார். இன்னொரு முரண்: மரமும் போகக் கூடாது, கட்டடமும் உயரக் கூடாது என்று ஒரே மனுவில் கேட்பார்கள். அதே எண்ணிக்கை வீடுகள் வர வேண்டுமென்றால் ஒன்று உயர வேண்டும், அல்லது பரவ வேண்டும். பரவினால் மண் போகிறது. வீடு வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை குறைவு. எங்கோ மனிதர்கள் குடியிருந்துதான் ஆக வேண்டும். என்னைக் கேட்டால் இன்னொரு மாடி எழும்பட்டும், கீழே 400 சதுர மீட்டர் மண்ணாகக் கிடக்கட்டும் என்பேன். உங்கள் தெருவில் இதற்கு எதிர்ப்பு வரும். வந்தாலும் மனு எழுதும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பதினான்கையும் காப்பாற்ற நிற்காதீர்கள். தனித்த மரவல்லுநர் ஒருவரை அழைத்துவந்து பார்த்தால் நாலைந்து மரம் உள்ளே பொந்தாகியோ, ஒன்றையொன்று நெருக்கியோ நிற்கும். அவற்றை விட்டுவிட்டு, மனையின் ஓரத்தில் சேர்ந்து நிற்கும் ஐந்தாறை அவற்றின் மண்ணோடு கேளுங்கள். கூட்டமாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கூட்டத்துக்குள் வளர்ந்த மரம் காற்றைத் தனியாகத் தாங்கிப் பழகியதில்லை. சுற்றி நிற்பவற்றை வெட்டி நடுவில் ஒன்றை மட்டும் விட்டால் அடுத்த புயலில் அது உங்கள் கூரைமேல் விழலாம். பொந்தில் பறவையோ வௌவாலோ குடியிருந்தால் அது தனி விஷயம். கூடு கட்டும் பருவத்தில் போய்ப் பார்த்துத்தான் அறிக்கை எழுத வேண்டும். கூடு காலியாக இருக்கும் மாதத்தில் பார்த்துவிட்டு "எதுவும் இல்லை" என்று எழுதிய அறிக்கைகளை நிறையப் படித்திருக்கிறேன்.

வரைபடத்தைப் படிக்க ஒரு சின்ன வழி. தோட்டத் தாளில் நீங்கள் காப்பாற்றிய மரம் அழகான பச்சை வட்டமாக இருக்கும். கழிவுநீர்க் குழாய்த் தாள் தனி. இரண்டையும் ஒரே அளவில் அச்செடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை வட்டத்தின் நடுவே 1.2 மீட்டர் ஆழத்துக் குழாய்ப் பள்ளம் போவதை அப்படித்தான் ஒருமுறை பிடித்தோம். ஏமாற்றும் எண்ணமெல்லாம் யாருக்கும் இல்லை. இரண்டு தாளையும் வரைந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. பள்ளத்தை நான்கு மீட்டர் நகர்த்தக் கட்டுநர் உடனே சம்மதித்தார். காகிதத்தில் இருக்கும்வரை நகர்த்துவது எல்லோருக்கும் சுலபம், அஸ்திவாரம் தோண்டியபின் யாருக்கும் சுலபமில்லை. ஆட்சேபம் தெரிவிக்கும் கெடு எந்த ஊரிலும் குறுகியதுதான், அதனால் அறிவிப்புப் பலகை வைத்த அன்றே ஆவணங்களைக் கேட்டு எழுதிவிடுங்கள். சுற்றுச்சூழல் குறித்து அரசிடமுள்ள தகவலைப் பெறவும் முடிவெடுப்பதில் பங்கேற்கவும் மக்களுக்கு வாய்ப்பு இருக்க வேண்டும் என்று 1992இல் ரியோ பிரகடனத்தின் 10ஆம் கொள்கையில் நாடுகள் ஒப்புக்கொண்டன. ஒவ்வொரு நாட்டிலும் அதற்கான வழி வேறு, கேட்கும் உரிமை ஏதோ ஒரு வடிவில் பல நாடுகளில் இருக்கிறது.

ஆவணம் ஏன் முக்கியம் என்பதற்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் சாட்சி. அங்கே 2012இல் சாலைப் பராமரிப்புக்கு 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். தெருமரங்களை வெட்டத் தொடங்கியபோது, வேறு வழியே இல்லாத மரத்தை மட்டும்தான் வெட்டுகிறோம் என்று நகராட்சி சொல்லிக்கொண்டிருந்தது. மக்கள் மரத்தடியில் நின்று கைதானார்கள். 17,500 மரங்களை மாற்றுவது என்ற எண் ஒப்பந்தத்திலேயே இருந்தது 2018இல் தகவல் கோரிக்கை மூலம் வெளியே வந்தது. வெட்டுவது நின்றது. 2023இல் வெளியான விசாரணை அறிக்கை நகராட்சியைக் கடுமையாகக் குறை சொன்னது. மரத்தைக் கட்டிப்பிடித்தவர்களின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் அந்த எண் இருந்ததைத் தேடி எடுத்தவரின் வேலையும் அதற்கு ஈடானதுதான்.

கட்டுநரிடம் பேசி எது முடிவானாலும் அனுமதியின் நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள்: வேலியின் இடம், தரை மட்டம், நொடிக்கு எத்தனை லிட்டருக்குமேல் வெளியேறக் கூடாது, கன்றுக்கான மண் அளவு, ஐந்தாண்டுப் பொறுப்பு. "முடிந்தவரை மரங்களைப் பாதுகாப்போம்" என்று எழுதினால், முடியவில்லை என்று பிறகு சொல்ல அந்த முதல் வார்த்தையே போதும்.

இந்த வாரத்திலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மண்வெட்டும் இயந்திரம் வந்த மறுநாள், பழைய தரை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதற்கு எந்தச் சாட்சியும் இருக்காது. அதனால் இப்போதே உங்கள் மதிலின் உட்புறம், மனைத் தரை எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதற்கு நேராகப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அந்தக் கோடும், மனையும், அளவு நாடாவும் ஒன்றாகத் தெரியும்படி நான்கு படம் எடுங்கள். மரங்களின் சுற்றளவை எழுதி, ஒவ்வொன்றின் தூரும் தெரியப் படம் பிடியுங்கள். அடுத்த மழையில் குடையோடு வெளியே வந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று கடிகாரம் தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள். மனுவில் இணைக்க வேண்டிய முதல் இணைப்பு அது.